வத்தல் களத்துக்கு மேல ஒரு மேகம்

உங்க பிரஸ் ஆர்ட் ரூமுக்குள்ள காலையில ஒரு சுத்து சுத்தி வந்தேன். கோவிச்சுக்கிடாதீக, பேசத்தானே கூப்பிட்டிருக்கீக, பேசிர்றேன். சுவத்துல மாட்டியிருக்கிற அம்புட்டு சீனரியும் பாத்தேன். எதைப் பாத்தாலும் ஒரு பனி மலை, அதுக்குக் கீழ ஒரு ஏரி, ஏரியில ஒரு படகு. எந்த ஊரு ஏரி தம்பி இதுன்னு கேட்டா, ஒரு பய வாய் கூசாமச் சொல்றான், "அது சும்மா ஏரி டீச்சர்." சும்மா ஏரின்னு ஒண்ணு எங்கன இருக்கு? தண்ணி எங்கிட்டிருந்து வருது, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, கரையில எவன் ஆடு மேய்க்கிறான், இதுல ஒண்ணாவது அந்தப் பயலுக்குத் தெரியணும்ல. தெரியாமப் போட்டா அதுக்குப் பேரு நீலப் பெயிண்டு.

சரி, திட்டு இம்புட்டுப் போதும். பிரஷ் பிடிக்கிறது எப்பிடி, அச்சுத் தகடு போடுறது எப்பிடின்னு நான் சொல்லித்தர வரல. அதெல்லாம் உங்களுக்கு என்னைய விட நல்லாத் தெரியும். ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி எதிர்ல உக்காந்துகிட்டு, "இத எடுத்துருங்க"ன்னு உங்க படத்தப் பாத்து விரல நீட்டுவாக பாருங்க, அந்த நேரத்துல என்ன செய்யணும்ங்கிறதுதான் நான் சொல்ல வந்தது. அந்த விரல் என்னைய நோக்கியும் நீண்டுச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுகளோட கடைசி அது.

நான் முதல்ல மிஷன் ஸ்கூல்ல டிராயிங் டீச்சர். கிறிஸ்மஸ் நாடகத்துக்கு ஒரு பின்படுதா எழுதினேன். பெத்லகேம் ஊரு. நான் பெத்லகேமப் பாத்தேனா? பாக்கல. அதனால நம்ம ஊரு கரிசக் காட்டப் போட்டு, ரெண்டு பனையப் போட்டு, தூரத்துல மேற்கு மலைய ஒரு கோடா இழுத்துவிட்டேன். நாடகம் பாக்க வந்த பிரஸ் முதலாளி, இயேசு பாலன விட்டுட்டுப் படுதாவையே பாத்துக்கிட்டு இருந்தாகளாம். மறுநாள் ஸ்கூலுக்கு ஆளு விட்டாக. அப்பிடித்தான் நான் சிவகாசி காலண்டர் பிரஸ்சுக்குள்ள வந்தேன். அந்த முதலாளிய நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம், இங்கயும் அப்பிடியே சொல்றேன்.

அப்ப வேலை நடந்த முறைய நீங்க தெரிஞ்சுக்கிடணும். ஒரு காலண்டர் படத்த ஒரு ஆளு போடுறது கிடையாது. சாமி போடுறதுக்கு ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் இருந்தாக. முருகன், லட்சுமி, கிருஷ்ணர், எல்லாருக்கும் முகம் கண்ணு கையி காலு அவுகதான். சாமியச் சுத்தி வெள்ளையா விட்டுட்டு போர்ட என் மேசைக்குத் தள்ளிருவாக. "டீச்சர், இவருக்குப் பின்னால ஒரு அருவி, ரெண்டு மயிலு." அவ்வளவுதான் உத்தரவு. நான் பின்னால இருக்கிற உலகத்தப் போட்டுக் கொடுப்பேன். கீழ மூலையில பேரு எழுதுறது அவுக மட்டும். பின்னால போடுறவளுக்குப் பேரு எதுக்கு?

சும்மா சொல்லக்கூடாது, அவுக கை தங்கமான கை. ஆனா ஒரு தடவை கிருஷ்ணருக்குப் பின்னால பிருந்தாவனத்துக்கு நான் உடை மரத்தப் போட்டுட்டேன். வைப்பாத்துக் கரையில உக்காந்து பாத்துப் போட்ட மரம், முள்ளு மொதக்கொண்டு தெரியும். அவுக பாத்துட்டு, "பசு வாயில முள்ளு குத்துமே டீச்சர்"னாக. "நம்ம ஊரு பசு அதத்தான் திங்குது"ன்னேன். ரூமே சிரிச்சுச்சு. அந்த மரத்த அன்னைக்கே அழிக்க வேண்டியதாப் போச்சு. எனக்குள்ள ஒரு ஆசை அன்னையிலிருந்து முளைச்சிருச்சு. யாருக்கும் பின்னால இல்லாம, மண்ணும் மரமும் வானமும் மட்டும் இருக்கிற ஒரு படம் போடணும், அது வீட்டுச் சுவத்துல தொங்கணும், அதுல என் பேரு இருக்கணும். பெரிய ஆசையா தெரியலையா உங்களுக்கு? இன்னைக்கு நீங்க நாளுக்கு ஒண்ணு போடுறீக. அன்னைக்கு ஆளே இல்லாத படத்த எவன் மாட்டுவான்னுதான் எல்லாரும் கேட்டாக.

பங்குனி மாசம் ஒரு நாளு விருதுநகர்ல இருந்து மிளகா வத்தல் கமிஷன் கடை முதலாளி ஒருத்தர் வந்தாக. பெரிய கடை. சுத்துப்பட்டியில மிளகாய் போடுற பாதிப்பேரு அவுக கிட்டத்தான் சரக்கக் கொண்டுவந்து இறக்குவாக. வழக்கமா லட்சுமி படம் வாங்குறவுக, அந்தத் தடவை ஒரு பிராதோடதான் வந்தாக.

"அண்ணாச்சி, சாமி படம் இனிமே வேண்டாம். தை பிறந்தவுடனே படத்த மட்டும் வெட்டி எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டிக்கிடுறாக. கீழ இருக்கிற என் கடைப் பேரு அடுப்புக்குப் போகுது. சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக வீட்டுல, பாய்மாரு வீட்டுல மாட்டுறதே இல்ல. அவுகளும் எனக்குச் சரக்குப் போடுறவுகதானே?"

"அப்ப நல்ல பொம்பளைப் படமாப் போட்டுருவோமா?"

"போட்டா எனக்கு என் வீட்டுலயே சோறு கிடைக்காது."

அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே அலமாரியத் திறந்து வெளிநாட்டுப் படக் கட்ட எடுத்தாக. பனி மலை, மர வீடு, புல்லு மேயுற வெள்ளை ஆடு. நான் மூலையில உக்காந்து யாரோ ஒரு சாமிக்குப் பின்னால மேகம் போட்டுக்கிட்டு இருந்தேன். என் வாயி சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, இவுக விக்கிறது வத்தல். பனி மலையில எங்கன கொண்டுபோய் வத்தலக் காயப்போடுறது?"

வத்தல் முதலாளி திரும்பிப் பாத்தாக. "இந்தம்மா யாரு?"ன்னு கேட்டாக. நான் எந்திரிச்சு நின்னு, "நம்ம காட்டையே போட்டுத் தர்றேன் முதலாளி, ஒரு ஆளு கூட இல்லாம"ன்னு சொல்லிட்டேன். அவுக கொஞ்சம் யோசிச்சுட்டு, "போட்டுக் காட்டுங்க, பாப்போம்"னாக.

அவுக போன பிறகு பெரிய ஆர்ட்டிஸ்ட் கண்ணாடியக் கழட்டித் துடைச்சுக்கிட்டே கேட்டாக, "டீச்சர், பின்னால போடுறத எடுத்து முன்னால வச்சா அது படமாயிருமா? நடுவுல யாரு நிப்பா?" அண்ணாச்சி இன்னும் தெளிவாப் பேசினாக. "பார்ட்டி முன்னால வார்த்தைய விட்டுட்டீக. நல்லா வந்தா சந்தோசம். அவுகளுக்குப் பிடிக்காமப் போனா, அவுக வேற பிரஸ்சுக்குப் போயிருவாக. அதுக்கப்புறம் தனிச் சீனரிங்கிற பேச்ச இந்த ரூமுக்குள்ள நீங்க எடுக்கக்கூடாது. ஒரு தடவைதான்." சரின்னு தலைய ஆட்டினேன்.

சித்திரையில பஸ்ஸப் பிடிச்சு விருதுநகர் போனேன். ஊருக்கு வெளிய ரயில் ரோட்டுக்குப் பக்கத்துல அவுக களம். கண்ணுக்கு எட்டுன மட்டும் வத்தல் காயுது. மூக்குல துணியக் கட்டிக்கிட்டும் தும்மல் நிக்கல, கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துது. வெயில்ல பாத்தா அந்தச் சிவப்பு வெளிறிப் போயி, செங்கல் பொடி மாதிரிதான் இருந்துச்சு. வந்தது வீண்னு நினைச்சேன். மத்தியானம் வேலை ஆளுக எல்லாரும் கஞ்சி குடிக்கப் போயிட்டாக. அந்நேரம் மேக்க இருந்து ஒரு மேகம் எந்திரிச்சு வந்துச்சு. சிலேட்டுக் கறுப்பு. அதோட அடி வயித்துல மட்டும் ஒரு மஞ்ச வெளிச்சம். அது களத்து மேல கவிஞ்சவுடனே, கீழ கிடந்த வத்தல் அம்புட்டும் உள்ளுக்குள்ள விளக்கு ஏத்துன கணக்கா எரிய ஆரம்பிச்சிருச்சு. அப்பிடி ஒரு சிவப்ப நான் அதுக்கு முந்தியும் பாத்ததில்ல, பிந்தியும் பாத்ததில்ல. தும்மலக் கூட மறந்துட்டு அங்கனயே பேப்பர்ல போட்டுக்கிட்டேன். மேகம் ஒரு பொட்டுத் தண்ணி விடாம கிழக்கப் பாத்துப் போயிருச்சு. எங்க ஊரு மேகம் அம்புட்டுத்தான்.

பிரஸ்சுக்கு வந்து அதப் பெரிய போர்டுல போஸ்டர் கலர்ல எழுதினேன். வைகாசி பூரா அதுதான் வேலை. முடிச்சப்ப எனக்கே தெரியும், இது நல்ல படம். தகடு போடுறவுக எல்லாம் வந்து வந்து பாத்துட்டுப் போனாக. பெரிய ஆர்ட்டிஸ்ட் கூட ஒரு தடவை வந்து நின்னு, ஒண்ணும் சொல்லாமப் போனாக. அவுக ஒண்ணும் சொல்லலைன்னா அது பாராட்டுன்னு அர்த்தம்.

ஆனி கடைசியில வத்தல் முதலாளி பாக்க வந்தாக. உக்காரவச்சு ஒரு கலர் சோடா உடைச்சுக் கொடுத்தோம். நான் படத்த மூடியிருந்த துணிய எடுத்தேன். கீழ இருந்துதான் பாத்தாக. முகம் மலர்ந்துச்சு. "அட, நம்ம களம். அந்தா நம்ம ஒத்தப் பனை." அண்ணாச்சி என்னையப் பாத்துக் கண்ணக் காட்டினாக, ஆர்டர் முடிஞ்ச மாதிரிதான்னு. அப்புறம் வத்தல் முதலாளி கண்ணு மெல்ல மேல ஏறுச்சு. கலர் பாட்டில மேசையில வச்சாக. எந்திரிச்சே நின்னுட்டாக.

"ஏம்மா, அங்கன ஒருத்தரும் இல்லையா?"

எனக்குப் புரியல. "எங்கன முதலாளி?"

"களத்துல. இப்பிடி இருட்டிக்கிட்டு வருது, அம்புட்டுச் சரக்கும் பப்பரப்பான்னு கிடக்கு. தார்ப்பாய் எங்க? பயக எல்லாம் எங்கன போயிட்டானுக?"

அவுக நிசமாவே பதறிப்போயிட்டாக. பெரிய ஆர்ட்டிஸ்டுக்குச் சிரிப்ப அடக்க முடியல. அதப் பாத்தவுடனே வத்தல் முதலாளிக்கு வெக்கமாப் போச்சு, வெக்கம் கோவமாயிருச்சு. "சிரிக்காதீக. நான் வருசம் பூரா காலையில எந்திரிச்சு இதுலயா முழிக்கணும்? கடை வாசல்ல இத மாட்டினா வர்றவன் என்ன நினைப்பான்? இவன் சரக்கு நனைஞ்ச சரக்குன்னு நினைக்க மாட்டான்?"

எனக்குச் சுரீர்னு உறைச்சிருச்சு. எங்க வீட்டுல வடகம் காயுறப்ப ஒரு கைக்குட்டை அளவு மேகம் தெரிஞ்சாலே எங்கம்மா மாடிக்கு ஓடுவாக, நாங்க அத்தனை பேரும் பின்னால ஓடுவோம். அந்த வீட்டுல பிறந்து வளந்தவ நான். அன்னைக்குக் களத்துல எனக்கு நிறம் மட்டுந்தான் தெரிஞ்சிருக்கு, வத்தலு தெரியல.

அண்ணாச்சி உடனே புகுந்துட்டாக. "இதென்ன பெரிய விசயம் முதலாளி. அந்த மேகத்த எடுத்துருவோம். நல்லா நீலமா வானத்தப் போட்டுருவோம்."

"ஆமா, அந்த மேகத்த எடுத்துருங்க"ன்னு அவுக விரல நீட்டினாக. நான் சொன்னேன்ல, அந்த விரல்.

அதுக்குள்ள பெரிய ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷக் கையில எடுத்துட்டாக. "வானத்தத் தொடவே வேண்டாம் அண்ணாச்சி. நான் ரெண்டு பொம்பளைகளப் போட்டுர்றேன், குனிஞ்சு அள்ளுற மாதிரி. முகம் லட்சணமா, ஒரு பச்சைச் சேலை, ஒரு மஞ்சச் சேலை. படமும் எடுப்பா இருக்கும், முதலாளிக்கும் நிம்மதி." நல்ல மனசோடதான் சொன்னாக. ஆனா அந்த ரெண்டு பேரும் வந்துட்டா என் படம் என்ன ஆகும்? பாக்குறவன் கண்ணு சேலைக்குப் போகும், என் களமும் மேகமும் மறுபடியும் யாருக்கோ பின்னால போயிரும். நீல வானத்தப் போட்டாலோ, அந்தச் சிவப்பு செத்துப் போயிரும். ரெண்டு பக்கமும் எனக்குக் குழிதான்.

நான் போய் போர்ட எடுத்து மாரோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். வேர்வை பட்டு அந்தச் சிவப்பு என் ரவிக்கையில ஒட்டிக்கிடுச்சு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. அது வரைக்கும் இத யாரும் தொடக்கூடாது"ன்னேன். என் குரலு கொஞ்சம் உசந்துதான் போச்சு.

"மேகம் இருக்கக்கூடாதும்மா"ன்னாக வத்தல் முதலாளி.

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க முதலாளி. பாத்துட்டு நீங்க சொல்றதக் கேட்டுக்கிடுறேன்."

அவுக வண்டி ஏறினவுடனே அண்ணாச்சி என்னையப் பிடிச்சுக்கிட்டாக. "டீச்சர், வீம்புக்கு இது நேரமில்ல. பார்ட்டி சொன்னதச் செய்யுங்க." நான் போர்டத் தூக்கிக்கிட்டு என் மேசைக்குப் போயிட்டேன். அங்கன நின்னிருந்தா ஏதாவது எக்குத்தப்பாப் பேசியிருப்பேன், அது எனக்கே தெரியும்.

தம்பிகளா, தங்கச்சிகளா, இந்த இடத்துல நல்லாக் கேளுங்க. நான் முதல்ல செஞ்சது அவுக சொன்னதத்தான். ஒரு சின்ன அட்டையில அதே களத்தப் போட்டு, மேல நீல வானத்தப் போட்டுப் பாத்தேன். பாக்காமலே மாட்டேன்னு சொல்றது திமிரு. பாத்துட்டு மாட்டேன்னு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு. போட்டுப் பாத்தா, பலசரக்குக் கடைத் தகர போர்டு மாதிரி இருந்துச்சு. சரி, அந்த வழி இல்லைன்னு தெரிஞ்சு போச்சு.

அப்புறம் உக்காந்து வத்தல் முதலாளி பேசுனத ஒவ்வொரு வார்த்தையா நினைச்சுப் பாத்தேன். மேகத்த எடுங்கன்னு முதல்ல சொன்னது யாரு? அவுக இல்ல, அண்ணாச்சி. வத்தல் முதலாளி முதல்ல கேட்டது, அங்கன ஒருத்தரும் இல்லையான்னு. அடுத்துக் கேட்டது தார்ப்பாய் எங்கன்னு. அண்ணாச்சி வாயத் திறக்குற வரைக்கும் வானத்த அவுக ஒரு வார்த்தை கூடத் திட்டல. அவுக பயம் அம்புட்டும் கீழ கிடந்துச்சு, தரையில. விரல் மட்டுந்தான் மேல நீண்டுச்சு.

அது பிடிபட்டவுடனே மத்தது தானா வந்துச்சு. அவுக மேகத்துக்குப் பகையாளியா? ஐப்பசியில மழை பொய்ச்சுப் போனா மாசியில அவுக கடைக்கு ஒரு மூடை வத்தல் வராது. சித்திரையில மேகத்தப் பாத்து நடுங்குற அதே மனுசன் ஐப்பசியில அதே மேகத்துக்கு ஏங்கிக் கிடக்கிறவுகதான். வானம் அப்பிடியே இருக்கட்டும். தரைய மாத்தணும். சித்திரைக்குக் கீழ இருக்கிறத எடுத்துட்டு ஐப்பசிக்குக் கீழ இருக்கிறத வைக்கணும்.

ஆனா வத்தல எடுத்துட்டா என் சிவப்பு போயிருமே. அதுதான் மனசுக்கு ஆகல. அந்தச் சிவப்புக்காகத்தானே படமே. கரிச மண்ணப் போட்டா கறுப்பு மேல கறுப்பு, படம் மூஞ்சியத் தொங்கப் போட்டுரும். சிவப்பு வேணும், நனைஞ்சா கெட்டுப்போகாத சிவப்பு வேணும். மறுநாள் காலையில பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல போனேன். அந்தப் பக்கம் செம்மண்ணு, செவக்காடு. ஆடி பிறக்கப் போகுதுன்னு உழுது போட்டிருந்தாக. இறங்கிப் போயி ஒரு பிடி மண்ண எடுத்து, கொஞ்சம் தண்ணிய விட்டுப் பிசைஞ்சு பாத்தேன். ஈரத்துல அது வத்தல் நிறத்துக்குத் தங்கச்சி மாதிரி இருந்துச்சு. கைக்குட்டையில முடிஞ்சு எடுத்துக்கிட்டேன். திரும்பி வர்றப்ப கண்டக்டரு, "என்ன டீச்சரம்மா, எந்தக் கோயில் மண்ணு?"ன்னு கிண்டல் பண்ணாரு. "எல்லாருக்கும் சோறு போடுற கோயில் மண்ணு, நீங்க டிக்கெட்டக் கொடுங்க"ன்னேன்.

வானத்து மேல ஒரு பேப்பர ஒட்டி மூடிட்டு, கீழ இருந்த வத்தல் அம்புட்டையும் என் கையால அழிச்சேன். வலிச்சுது, பொய் சொல்லல. அந்த இடத்துல உழுத செவக்காடு. வரிசை வரிசையா மிளகாய் நாத்து, இப்பத்தான் நட்டு வேர் பிடிச்ச நாத்து, ரெண்டு ரெண்டு இலையா. தூரத்துல அதே ஒத்தப் பனை. ஆளு கிடையாது. நாத்து நட்டுட்டு வீட்டுக்குப் போயாச்சு, இனி மேல இருக்கிறவருதான் பாத்துக்கிடணும். அண்ணாச்சி நடுவுல ஒரு தடவை வந்து, "வானம் நீலமாச்சா?"ன்னு கேட்டாக. பேப்பரு மூடியிருந்ததால அவுகளுக்கு ஒண்ணும் தெரியல. "வெள்ளிக்கிழமை பாருங்க"ன்னு அனுப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. இந்தத் தடவை வத்தல் முதலாளி உசாரா மேல இருந்து பாத்தாக. மேகம் அப்பிடியே நிக்குது. அவுக புருவம் நெரிஞ்சுச்சு. அண்ணாச்சி நெத்தியத் தடவிக்கிட்டு என்னைய ஒரு பார்வை பாத்தாக, அதுல வேலையே போச்சுன்னுதான் நினைச்சேன். நான் முந்தானையக் கையில சுத்திக்கிட்டேன். வத்தல் முதலாளி கண்ணு கீழ இறங்குச்சு. ரொம்ப நேரம் அங்கனயே நின்னுச்சு.

"இது எந்த மாசம்?"

"ஐப்பசி, முதலாளி."

"நாத்து பிடிச்சிருச்சா?"

"பிடிச்சிருச்சு. இனி ஒரு மழைதான் வேணும்."

அவுக தலைய மெல்ல ஆட்டினாக. படத்துக்கிட்டப் போயி, மேகத்து மேல விரல் படாம விரல ஓட்டிப் பாத்தாக. "பெய்யட்டும்மா"ன்னாக. அண்ணாச்சி பக்கம் திரும்பி, "எப்ப லோடு அனுப்புவீக?"ன்னு கேட்டாக.

அவுக போனப்புறம் பெரிய ஆர்ட்டிஸ்ட் என் படத்துக்கு எதிர்ல ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்தாக. "இதுல எனக்கு நிக்க இடமில்ல டீச்சர்"னாக. அப்புறம் அவுக மெல்லிசு பிரஷ்ஷ, யாருக்கும் தொடக் கொடுக்காத பிரஷ்ஷ, என் கையில கொடுத்து, "பேர எழுதுங்க"ன்னாக. எழுதினேன். எனக்கு அழுகை வந்துச்சு, வந்தா என்ன, அழுதேன்.

இதுலருந்து நீங்க எடுத்துக்கிட வேண்டியது ஒண்ணுதான். பார்ட்டி விரல நீட்டுற இடத்துல உடனே பிரஷ்ஷ வைக்காதீக. அவுகளுக்கு என்னமோ உறுத்துது, அது சத்தியம். எங்கன உறுத்துதுன்னு அவுகளுக்கே தெரியாது, கண்டுபிடிக்கிறது உங்க வேலை. அவுக சொன்னதுக்கு ஆமான்னு சொல்றவனும் தொழில் செய்யல, முடியாதுன்னு முறுக்கிக்கிட்டுப் போறவனும் தொழில் செய்யல. அதோட உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு படத்துல இருக்கும் பாருங்க, அதத்தான் முதல்ல சந்தேகப்படணும். நான் அந்த வத்தலக் கட்டிக்கிட்டு அழுதிருந்தா, இன்னைக்கு வரைக்கும் யாருக்காவது பின்னால மயிலு போட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பேன்.

தீபாவளி வெடி லோடெல்லாம் போய் ஓஞ்ச பிறகு எங்க காலண்டர் கட்டுக விருதுநகருக்குப் போச்சு. போச்சு, அம்புட்டுத்தான் தெரியும். நம்ம தொழில்ல இது ஒரு கொடுமை. நாடகம் போடுறவனுக்குக் கைதட்டு கேக்கும். நம்ம படத்த யாரு வாங்குனா, மாட்டுனாகளா, பரண்ல சுருட்டிப் போட்டாகளா, ஒண்ணும் தெரியாது. ஆளே இல்லாத படத்த எவன் மாட்டுவான்னு கேட்டாகளே, அந்தக் கேள்வி ஒரு வருசம் பூரா என் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. வத்தல் முதலாளிக்குப் பிடிச்சது சரி. வீட்டுல இருக்கிறவுகளுக்கு?

அந்தக் காலண்டரு வருசமும் முடிஞ்சு, அடுத்த தையில படம் போடுறதுக்காகச் சாத்தூருக்குத் தெக்க ஒரு கிராமத்துக்குப் போனேன். அந்த வருசம் ஐப்பசி கார்த்திகை ரெண்டும் ஏமாத்திருச்சு. காடு பூரா பாளம் பாளமா வெடிச்சுக் கிடந்துச்சு, மிளகாச் செடி முழங்கால் உசரத்துலயே கருகி நின்னுச்சு. தாகம் தாங்காம ஒரு வீட்டுல தண்ணி கேட்டேன். என் வயசுதான் இருக்கும், ஒரு அம்மா, "உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீக"ன்னு கூப்பிட்டு உக்காரவச்சு, சொம்புல தண்ணி கொண்டுவந்து கொடுத்தாக.

எதிர்ச் சுவத்துல வரிசையாச் சாமி படம். முருகன், மாரியாத்தா, இன்னொரு முருகன். அந்த வரிசையில கடைசியா என் படம். தேதித் தாளு அம்புட்டும் கிழிச்சுத் தீந்து, வெறும் அட்டைதான் தொங்குது. சாமி ஒவ்வொண்ணுக்கும் நெத்தியில சந்தனமும் குங்குமமும் வச்சிருந்தாக. என் படத்துலயும் வச்சிருந்தாக. மேகத்துக்கு நடுவுல, ஒண்ணு மேல ஒண்ணா, வாரா வாரம் வச்சு வச்சுத் தடிச்சுப் போன பொட்டு.

நான் வேதக்காரி. அதப் பாத்து என்ன நினைக்கணும்னு எனக்குத் தெரியல. நான் போட்ட படம்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. சொம்பக் கீழ வச்சுட்டு, "இதுல சாமி இல்லையேம்மா, வெறும் காடுதானே"ன்னேன்.

"மழை வருதுல்ல"ன்னாக அவுக.

"வருசம் முடிஞ்சு போச்சே, இன்னும் கழட்டலியா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா படத்த ஒரு தடவை பாத்துட்டு, காலிச் சொம்பக் கையில எடுத்துக்கிட்டாக.

"வருசந்தான் முடிஞ்சிருச்சு. இன்னும் பெய்யலியே."